முன்பே பெயரிருந்த மலைகள்

நியூஸிலாந்தில் இரண்டு பெரிய தீவுகள். வடக்கே இருப்பது வட தீவு, தெற்கே இருப்பது தென் தீவு. பள்ளிக்கூட அட்லஸ் முதல் கப்பல் மாலுமிகளின் வரைபடம் வரை நூறாண்டுக்கும் மேலாக இப்படித்தான் அச்சாகி வந்தது. 2009-ல் அந்நாட்டுப் புவியியல் வாரியம் ஒரு செய்தியை வெளியிட்டது. பழைய கோப்புகளைப் புரட்டிப் பார்த்ததில், இந்த இரண்டு பெயர்களையும் யாரும் எந்தக் காலத்திலும் முறைப்படி சூட்டவில்லை என்று தெரிய வந்திருந்தது. வழக்கத்தில் வந்தது, வழக்கத்திலேயே நின்றுவிட்டது. ஒரு வழியாக 2013-ல் சட்டப்படி பெயர் வைத்தார்கள். அதோடு மாவோரி மக்களின் பழைய பெயர்களையும் சேர்த்தே அங்கீகரித்தார்கள். வட தீவு 'தே இகா அ மாவுயி', அதாவது மாவுயி என்ற வீரன் கடலிலிருந்து தூண்டில் போட்டு இழுத்த மீன். தென் தீவு 'தே வைபொவுனமு', பச்சைக்கல் கிடைக்கும் நீர்நிலம்.

தீவுக்கே பெயர் வைக்க மறந்தவர்கள், அதன் மலைகளுக்குப் பெயர் வைப்பதில் மட்டும் சோம்பல் காட்டவில்லை. தென் தீவின் முதுகெலும்பாக, மேற்குக் கரையை ஒட்டி ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது 'சதர்ன் ஆல்ப்ஸ்' மலைத்தொடர். அதன் சிகரங்களிலும் பனியாறுகளிலும் ஒரு நடை போய்வந்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவே வரிசை கட்டி நிற்கும். வியன்னாவின் சக்கரவர்த்தி ஒருவர், பிரெஞ்சு நில இயல் அறிஞர் ஒருவர், டச்சுக் கப்பல் தலைவர் ஒருவர், சார்லஸ் டார்வின் என்று பட்டியல் நீளும். இவர்களில் பெரும்பாலோர் அந்த மலைகளைக் கண்ணால் பார்த்ததில்லை.

விஷயம் அதுவல்ல. மலைகளில் பலவற்றுக்கு முன்பே பெயர் இருந்தது. அந்தப் பெயர்களைச் சொன்னவர்களே வழியையும் காட்டினார்கள். வழி வரைபடத்தில் ஏறியது. சொன்னவர்களின் பெயர்கள் ஏறவில்லை.

கடலிலிருந்து பார்த்தவர்களில் முதல்வர் டச்சுக்காரரான ஆபெல் டாஸ்மன். 1642 டிசம்பரில் கடலுக்கு அப்பால் உயர்ந்து நின்ற பெரிய நிலத்தைக் கண்டு குறித்து வைத்தார். கரையிறங்கவில்லை. அடுத்து வந்தவர் ஜேம்ஸ் குக். 1769-70-ல் இரு தீவுகளையும் சுற்றி வந்து, கரையோரத்தை வியக்கத்தக்க துல்லியத்தோடு வரைந்தார். 'சதர்ன் ஆல்ப்ஸ்' என்ற பெயரும் அவர் வைத்ததுதான். அந்தப் புகழ்பெற்ற வரைபடத்திலும் இரண்டு பிழைகள் உண்டு. பாங்க்ஸ் தீபகற்பத்தைத் தீவு என்று வரைந்துவிட்டார். ஸ்டூவர்ட் தீவைத் தீபகற்பம் என்று ஒட்டவைத்துவிட்டார். கப்பலில் நின்று பார்ப்பவருக்கு நிலம் அவ்வளவுதான் சொல்லும். மிச்சத்தை நிலத்தில் நடந்தவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

1844-ல் ஒருவர் கேட்டார். எட்வர்ட் ஷார்ட்லண்ட் என்ற ஆங்கில அதிகாரி மாவோரி மொழி அறிந்தவர். வைடாகி ஆற்றுப் பக்கம் போனபோது ஹுருஹுரு என்ற மாவோரித் தலைவரைச் சந்தித்தார். ஹுருஹுரு அவருக்கு உள்நாட்டின் பெரிய ஏரிகளையும் அவற்றுக்குச் செல்லும் வழியையும் வரைந்து காட்டினார். வனாகா, ஹாவேயா என்ற இரண்டும் அதில் இருந்தன. எந்த ஐரோப்பியரும் அதுவரை அந்த ஏரிகளைக் கண்டதில்லை. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1853-ல் நதானியல் சால்மர்ஸ் என்பவர் போய்ப் பார்த்தார். அவரும் தானாகப் போகவில்லை. ரெக்கோ, கைகோவுரா என்ற இரண்டு மாவோரிகள் அழைத்துப் போனார்கள். ரெக்கோவுக்குப் பேசிய கூலி, மூன்று கால் வைத்த ஓர் இரும்புச் சட்டி. வழியில் சால்மர்ஸ் நோயில் விழுந்தார். நாணல் தட்டைகளைக் கட்டித் தெப்பமாக்கி, பெரிய ஆறான க்ளூதாவின் சுழல்கள் வழியே அவரை உயிரோடு கரைக்குக் கொண்டுவந்ததும் அதே ரெக்கோதான்.

தாமஸ் ப்ரன்னரின் கதை இதைவிடக் கடுமையானது. 1846 டிசம்பரில் தீவின் வட முனையிலிருந்து மேற்குக் கரையைத் தேடிப் புறப்பட்டார். கூடவே கேஹு, பிகேவாடே என்ற இரு மாவோரிகளும் அவர்களின் மனைவியரும். அடர்ந்த காடு, ஓயாத மழை, பெருகி ஓடும் ஆறுகள். அவர் திரும்பி வந்தது 550 நாள் கழித்து. பசி தாளாமல் தன் நாயையே அடித்துத் தின்ன நேர்ந்தது. ஒரு கட்டத்தில் அவரது கால் மரத்துப் போனது. கேஹு தம்பதி விட்டுப் போயிருந்தால் அந்தக் காட்டிலேயே முடிந்திருப்பார். இதையெல்லாம் ப்ரன்னரே மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார். லண்டனின் ராயல் புவியியல் கழகம் அவருக்குப் பதக்கம் தந்தது. ஓர் ஏரியும் ஓர் ஊரும் ஒரு நிலக்கரிச் சுரங்கமும் ப்ரன்னர் பெயரைப் பெற்றன. அந்த ஏரிக்கு மாவோரிகள் வைத்திருந்த பெயர் மோவானா கோடுகு. வெண்கொக்கின் கடல்.

கணவாய்களின் கதையும் இதே தினுசுதான். 1864-ல் ஆர்தர் டாப்ஸன் என்ற இளம் சர்வேயர், மேற்குக் கரைக்கு ஒரு பாதை தேடினார். அங்கிருந்த தலைவர் தாராபுஹி, மாவோரிகள் பயன்படுத்திய ஒரு கணவாயைப் பற்றிச் சொன்னார். டாப்ஸன் போய்ப் பார்த்தார், வரைந்தார். பிறகு மற்ற வழிகளையும் ஒப்பிட்டுப் பார்த்த அவருடைய அண்ணன் தம்பிகளில் ஒருவர், 'ஆர்தரின் கணவாய்தான் சிறந்தது' என்றார். அதுவே பெயராகிவிட்டது. இன்று ரயிலும் நெடுஞ்சாலையும் அந்த வழியாகத்தான் போகின்றன. அதற்கு 'தாராபுஹியின் கணவாய்' என்று பெயர் வந்திருந்தால் யாரும் தவறு என்று சொல்லியிருக்க முடியாது.

தெற்கே இன்னொரு கணவாயை 1863-ல் கடந்தார் ஜூலியஸ் ஹாஸ்ட். அது ஹாஸ்ட் கணவாய் ஆனது. அவருக்கு இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன், 1836-37-ல், தே புவோஹோ என்ற தலைவன் ஒரு போர்ப்படையையே அந்த வழியாக நடத்திப் போயிருக்கிறான். மாவோரிகள் அதற்கு வைத்திருந்த பெயர் தியோரிபடேயா. 'வழி தடையின்றி இருக்கிறது' என்று பொருள். அந்தப் பக்கம் புதிதாக வருகிறவனுக்கு ஹாஸ்ட் என்ற பெயர் ஒன்றும் சொல்லாது. பழைய பெயர் தகவலே சொல்லிவிடுகிறது.

இத்தனை கணவாய்களை மாவோரிகள் எதற்காக அறிந்திருந்தார்கள்? முதல் காரணம் பச்சைக்கல். பொவுனமு என்ற அந்தக் கடினமான கல் மேற்குக் கரை ஆறுகளில் கிடைத்தது. இரும்பு அறியாத சமூகத்தில் கோடரி, உளி, ஆபரணம், சமாதானப் பரிசு எல்லாம் அதுவே. ராவுரேகா என்ற பெண் ஒருத்தி மேற்கிலிருந்து மலையைக் கடந்து வந்து, கிழக்கே இருந்தவர்களுக்கு அந்தக் கல்லைக் காட்டினாள் என்பது மரபுக் கதை. அவள் வந்த வழிக்கு 'நோடி ராவுரேகா', ராவுரேகாவின் கணவாய் என்று பெயர். பிற்கால வரைபடத்தில் அது ப்ரௌனிங் கணவாய் ஆயிற்று.

இனி பெயர் வைத்தவர்களைப் பார்க்கலாம். இவர்களில் முதன்மையானவர் மேலே சொன்ன ஹாஸ்ட். ஜெர்மனியின் பான் நகரில் பிறந்தவர். 1861-ல் கான்டர்பரி மாகாணத்தின் நில இயல் அதிகாரியானார். உழைப்பாளி, அஞ்சாதவர். ஐரோப்பிய அறிஞர்களின் நல்லெண்ணத்தைச் சம்பாதிக்கத் தெரிந்தவர். மால்ட் ப்ருன், ஹைடிங்கர், எலி த போமோன் என்று தன் துறைப் பெரியவர்களின் பெயர்களைச் சிகரங்களுக்குச் சூட்டினார். 1865-ல் மேற்குக் கரையில் மழைக்காடு வரை இறங்கி வரும் ஒரு பனியாற்றுக்கு ஆஸ்திரியச் சக்கரவர்த்தி ஃப்ரான்ஸ் ஜோசப்பின் பெயரை வைத்தார்.

அந்தப் பனியாற்றின் முந்தைய பெயர் 'கா ரோய்மாடா ஓ ஹினே ஹுகாடேரே'. ஹினே ஹுகாடேரேவின் கண்ணீர். மலையேறுவதில் பிரியமுள்ள பெண் அவள். காதலனையும் வற்புறுத்தி அழைத்துப் போனாள். பனிச்சரிவில் அவன் விழுந்து மாண்டான். அவள் அழுத கண்ணீர் உறைந்து பனியாறாயிற்று. ஒரே பனிக்கட்டிக்கு ஒரு பக்கம் ஒரு சக்கரவர்த்தியின் முத்திரை, மறுபக்கம் ஒரு பெண்ணின் குற்ற உணர்வு. எது அந்த இடத்துக்கு உரியது என்பதற்குப் பஞ்சாயத்து தேவையில்லை.

வில்லியம் ட்ராவர்ஸ் என்ற வழக்கறிஞர் வடக்கே ஒரு மலைத்தொடருக்குத் தன் அபிமானக் கவி எட்மண்ட் ஸ்பென்சரின் பெயரை வைத்தார். அந்தக் கவியின் காவியத் தலைப்பும் அதன் நாயகியர் பெயர்களுமே அங்கே சிகரங்கள்: ஃபேரி குவீன், ஊனா, க்ளோரியானா. இலக்கியப் பற்று பாராட்டத்தக்கதுதான். ஆனால் அதைக் காட்டுவதற்குத் தேர்ந்த இடம் அடுத்தவர் வீட்டுச் சுவர்.

ஜான் டர்ன்புல் தாம்ஸன் வேறு வகை மனிதர். ஒடாகோ மாகாணத்தின் தலைமை சர்வேயராக 1850-களின் பிற்பாதியில் குதிரை மேல் தெற்குப் பகுதியை அளந்து தீர்த்தவர். தனித்து எழும் ஒரு வெண் சிகரத்துக்கு 1857-ல் 'மவுண்ட் ஆஸ்பயரிங்' என்று பெயரிட்டார். மேலே போகத் துடிக்கும் மலை. மாவோரிகள் அதைத் தித்திடேயா என்றார்கள். பளபளக்கும் வெண் சிகரம். இருவரும் ஒரே மலையைப் பார்த்து ஒரே மாதிரி வியந்திருக்கிறார்கள்.

தாம்ஸனைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. அவர் அனுப்பிய பெயர்களை மேலிடம் ஏற்க மறுத்ததாம். கோபத்தில் அவர் தன் ஊர்க் கொச்சையில் ஆடு, மாடு, பன்றி என்று ஓடைகளுக்குப் பெயர் வைத்துவிட்டாராம். கதை உண்மையோ பொய்யோ, கைபர்ன், ஸ்வின்பர்ன், கிம்மர்பர்ன், வெடர்பர்ன் என்ற பெயர்கள் மானியோடோடோ சமவெளியில் இன்றும் மேய்ந்துகொண்டிருக்கின்றன.

இந்த தாம்ஸனுக்கும் தமிழுக்கும் மெல்லிய ஒரு நூல் இழை உண்டு. நியூஸிலாந்துக்கு வருமுன் அவர் சிங்கப்பூரில் அரசு சர்வேயர். 1851-ல் நிறைவுற்ற ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் அவர் கட்டியது. அங்கே அவர் அறிந்த மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா. மலாக்காவில் பிறந்த அப்துல்லாவின் உடம்பில் அரபு ரத்தத்தோடு தமிழ் ரத்தமும் ஓடியது. சிறு வயதில் தமிழும் கற்றவர். கணக்கு வழக்குக்குத் தமிழ் உதவும் என்று மலாக்காவின் வசதியான வீடுகளில் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித் தருவது அன்றைய வழக்கம். அப்துல்லாவின் தன்வரலாறான 'ஹிகாயத் அப்துல்லா'வின் பகுதிகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1874-ல் லண்டனில் வெளியிட்டவர் இதே தாம்ஸன். அடுத்தவர் மொழியைக் காது கொடுத்துக் கேட்கத் தெரிந்தவரும் கூட, மலை என்று வந்தபோது தன் மொழியில்தான் பெயர் வைத்தார். காலம் அப்படி. வேலையும் அப்படி.

சர்வேயர்களைக் கொடியவர்களாக்கிவிட்டு நகர்ந்துவிட முடியாது. தியோடலைட்டைத் தோளில் சுமந்து, இடுப்பளவு பனி ஆற்றில் இறங்கி, ஈரக் கூடாரத்தில் மாவு ரொட்டி தின்று அளந்தவர்கள் அவர்கள். எடின்பரோவில் பிறந்த சார்லி டக்ளஸ், நாயைத் துணைக்கு வைத்துக்கொண்டு மேற்குக் கரையின் தென் பள்ளத்தாக்குகளை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சுற்றினார். பறவைகளையும் பாறைகளையும் குறிப்பேடுகளில் வரைந்து வைத்தார். அவர்கள் அளந்தது பொய்யல்ல. அளக்கும் கருவியில் பெயரைக் கேட்கும் காது இல்லை, அவ்வளவுதான்.

எல்லாவற்றிலும் உயரமான சிகரத்தின் கதைக்கு இப்போது வரலாம். 1851-ல் 'அக்கெரான்' கப்பலின் தலைவர் ஜான் லார்ட் ஸ்டோக்ஸ் அதற்கு மவுண்ட் குக் என்று பெயரிட்டார். குக் அந்தச் சிகரத்தைப் பார்த்ததே இல்லை.

தென் தீவின் பெரிய மாவோரிக் குலத்துக்கு ஙாய் தாஹு என்று பெயர். தமிழில் ஒரு சொல்லின் முதலில் வர வாய்ப்பே கிடைக்காமல் உட்கார்ந்திருக்கும் 'ங', இங்கே தலைமை தாங்குகிறது. ஆனால் அந்தக் குலத்தாரின் சொந்தப் பேச்சில் இந்த 'ங' ஒலி 'க' ஆகிவிடும். அவர்கள் தங்களைக் காய் தாஹு என்றும் சொல்வார்கள். வட தீவுக்காரர் 'அவோராஙி' என்பதை இவர்கள் 'அவோராக்கி' என்பார்கள். நீண்ட காலம் புத்தகங்களில் மலையின் மாவோரிப் பெயர் வடக்கு உச்சரிப்பிலேயே எழுதப்பட்டு வந்தது. மாவோரிப் பெயரைத் தருகிறோம் என்று பெருமைப்பட்டவர்களும் கூட, அந்த மலையடியில் வாழ்ந்தவர்கள் அதை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று கேட்கவில்லை.

அவோராக்கி யார்? ஙாய் தாஹு மரபில் அவன் வான் தந்தை ராக்கிநுயியின் மூத்த மகன். தம்பிகளோடு ஒரு பெரிய ஓடத்தில் வானிலிருந்து இறங்கி வந்தான். திரும்பிப் போக ஓத வேண்டிய மந்திரம் பிசகிற்று. ஓடம் பாறையில் தட்டிச் சாய்ந்தது. மேற்குப் பக்கம் உயர்ந்து, கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. சகோதரர்கள் உயர்ந்த பக்கத்தில் ஏறி நின்று அப்படியே கல்லானார்கள். சாய்ந்த ஓடம்தான் தென் தீவு. 'அவோராக்கியின் ஓடம்' என்பது அத்தீவின் பழம் பெயர்களில் ஒன்று. எல்லோரிலும் உயரமானவன் அவோராக்கி. சுற்றி நிற்கும் ராக்கிரோவா, ராக்கிருவா, ராராக்கிரோவா மூவரும் தம்பிகள்.

வரைபடத்தில் இந்தக் குடும்பம் என்ன ஆயிற்று? அண்ணன் மவுண்ட் குக். ஒரு தம்பி மவுண்ட் டாம்பியர், கடற்கொள்ளையராகவும் இருந்த ஓர் ஆங்கில மாலுமியின் பெயர். இன்னொருவன் மவுண்ட் டைக்கெல்மன், ஒரு மலையேறும் மருத்துவரின் பெயர். மூன்றாமவன் மவுண்ட் டாஸ்மன். ஒவ்வொரு பெயரும் தனித்தனியாகப் பார்த்தால் குற்றமில்லை. சேர்த்துப் பார்த்தால் உறவு அறுந்துவிட்டது. பெயர் மாறினால் மலைக்கு ஒன்றும் ஆவதில்லை. அந்த மலைகளைத் தன் முன்னோர் என்று சொல்லும் பேரப்பிள்ளைக்குத்தான் ஆதாரம் தொலைந்து போகிறது.

ஆதாரம் என்பது இங்கே வெறும் உவமை அல்ல. 1848-ல் 'கெம்ப் பத்திரம்' என்ற கிரயப் பத்திரத்தின் மூலம் அரசு தென் தீவின் பெரும் பகுதியை ஙாய் தாஹுவிடமிருந்து வாங்கியது. விலை 2,000 பவுண்ட். பத்திரத்தோடு ஒரு வரைபடமும் இணைக்கப்பட்டிருந்தது. அவர்கள் வாழவும் உணவு சேகரிக்கவும் வேண்டிய இடங்களை ஒதுக்கித் தருவதாகச் சொன்ன வாக்கு காப்பாற்றப்படவில்லை. பத்திரம் எழுதிய அடுத்த ஆண்டே, 1849-ல், தலைவர் மாடியாஹா திரமோரேஹு அரசுக்கு எழுத்து மூலம் முறையிட்டார். அந்த வழக்கு ஒன்றரை நூற்றாண்டு ஓடியது.

உள்நாட்டு மலைப்பகுதியை விற்கவே இல்லை என்பது அவர்களில் பலரின் வாதம். 1877-ல் ஹிபா தே மைஹாரோவா என்ற ஞானி, குழந்தைகளும் முதியவர்களுமாக நூறுக்கும் மேற்பட்டவர்களை அழைத்துக்கொண்டு வைடாகி ஆற்றின் மேல்பகுதிக்கு நடந்தார். தங்கள் நிலம் என்று நம்பிய இடத்தில் குடியேறினார்கள். அங்கே அதற்குள் ஆட்டுப் பண்ணைகள் வந்திருந்தன. பண்ணையாரின் கையில் வரைபடமும் குத்தகைச் சீட்டும். இவர்களின் கையில் பெயர்களும் கதைகளும். 1879 குளிர்காலத்தில் ஆயுதப் போலீஸ் வந்து அவர்களை வெளியேற்றியது. பனியில் நடந்து கரைக்குத் திரும்பினார்கள்.

அதே சமயத்தில் அரசு நியமித்த ஒரு விசாரணைக் கமிஷன் முன்பு ஙாய் தாஹு முதியவர்கள் சாட்சி சொன்னார்கள். பாராளுமன்ற உறுப்பினராக இருந்த ஹோரி கெரேய் தையாரோவா 1880-ல் ஒரு பட்டியல் தயாரித்தார். எந்த ஓடையில் விலாங்கு பிடித்தார்கள், எந்தச் சரிவில் வெகா என்ற பறவையைப் பிடித்தார்கள், எங்கே கிழங்கு தோண்டினார்கள் என்று இடம் இடமாக, பெயர் பெயராக. கடையில் அரிசி வாங்குகிறவனுக்கு இடப்பெயர் ஒரு முகவரி மட்டுமே. மலையும் ஏரியும் தரும் உணவை நம்பி வாழ்ந்தவனுக்கு அது ரேஷன் கார்டு, பட்டா இரண்டும். கமிஷனுக்குப் பணம் நிறுத்தப்பட்டு வேலை பாதியில் நின்றது. பட்டியல் மட்டும் பிழைத்தது. பிறகு 1920-ல் ஹெரிஸ் பீட்டி என்ற உள்ளூர் எழுத்தாளர் ஒடாகோ மியூசியத்துக்காக ஊர் ஊராகப் போய், மிச்சமிருந்த முதியவர்களிடம் பெயர்களைக் கேட்டு எழுதினார்.

1991-ல் வைடாங்கி தீர்ப்பாயம், ஙாய் தாஹுவின் குறைகளில் பலவும் நியாயமானவை என்று அறிக்கை தந்தது. அதே ஆண்டு டிசம்பரில் இன்னொன்றும் நடந்தது. ஒரு நள்ளிரவில் மலையின் உச்சி சரிந்து பனியாற்றில் விழுந்தது. சர்வேயர்கள் அத்தனை பாடுபட்டு அளந்த 3,764 மீட்டரில் 10 மீட்டர் காணாமல் போயிற்று. எஞ்சிய பனி முடியும் தேய்ந்து, 2014-ல் அறிவிக்கப்பட்ட புதிய உயரம் 3,724 மீட்டர். இரண்டு நிலத்தட்டுகள் மோதும் இடத்தில் நிற்கும் மலைத்தொடர் இது. கீழிருந்து உயர்ந்துகொண்டே, மேலே கரைந்துகொண்டே இருக்கிறது. வரைபடத்தில் நிலையானது என்று நினைத்த எண் மாறிவிட்டது. அழிந்துபோனது என்று நினைத்த பெயர் திரும்பி வந்தது.

1998-ல் நிறைவேறிய உடன்பாட்டுச் சட்டம் ஙாய் தாஹுவிடம் அரசின் மன்னிப்பைப் பதிவு செய்தது. 17 கோடி நியூஸிலாந்து டாலர் இழப்பீடு தந்தது. எண்பதுக்கும் மேற்பட்ட இடங்களுக்கு இரட்டைப் பெயர் தந்தது. பனியாற்றின் பலகையில் சக்கரவர்த்தியின் பக்கத்தில் ஹினே ஹுகாடேரேவின் கண்ணீரும் சேர்ந்தது. உயர்ந்த சிகரம் 'அவோராக்கி/மவுண்ட் குக்' ஆயிற்று. அச்சட்டத்தின் இரட்டைப் பெயர்களில் மாவோரிப் பெயர் முதலில் நிற்பது இது ஒன்றில்தான். சட்டத்தில் வேறொரு வினோதமான ஏற்பாடும் உண்டு. மலை முதலில் ஙாய் தாஹுவுக்கு உரிமையாக்கப்படும். ஏழு நாள் கழித்து அவர்கள் அதை நாட்டு மக்கள் எல்லோருக்கும் பரிசாகத் திருப்பித் தருவார்கள். பிடுங்கப்பட்டது என்று சொல்லப்பட்டதை, கொடுத்தது என்று ஆக்கிக்கொள்ள ஏழு நாள் போதும் என்று கேட்ட கண்ணியம் எளிதில் புரிந்துகொள்ள முடியாதது.

மலையேறுகிறவர்களிடம் அவர்கள் கேட்பது ஒன்றுதான். உச்சியின் மேல் கால் வைத்து நிற்காதீர்கள், சற்றுக் கீழேயே நின்றுவிடுங்கள். முன்னோரின் தலை அது.

சுற்றுலாக் கையேடுகள் அவோராக்கியை 'மேகத்தைத் துளைப்பவன்' என்று மொழிபெயர்க்கின்றன. கேட்க நன்றாக இருக்கிறது. 'அவோ' மேகம், 'ராக்கி' வானம். துளைப்பவன் எங்கிருந்து வந்தான் என்பது கையேட்டுக்கே வெளிச்சம். அதற்கும் மேலாக, அது ஓர் ஆளின் பெயர். முருகேசன் என்பவரை அறிமுகப்படுத்தும்போது யாரும் பொருள் சொல்லி அறிமுகப்படுத்துவதில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும்.

இரட்டைப் பெயரை எல்லோரும் வரவேற்கவில்லை. நாக்கில் நுழையவில்லை, நீளம், அவசரத்துக்கு உதவாது என்ற முணுமுணுப்புகள் உண்டு. நடுவில் ஒரு சாய்கோடு போட்டு இரண்டு பெயரை ஒட்டவைப்பது அழகானது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்தச் சாய்கோடு நேர்மையானது. இங்கே ஒருவர் இருந்தார், பிறகு இன்னொருவர் வந்தார், இருவரும் இப்போது இங்கேதான் இருக்கிறார்கள் என்று அது சொல்கிறது. ஒரு பெயரை அழித்து இன்னொன்றை எழுதுவதுதான் திருத்தம் என்று நினைக்கும் ஊர்களுக்கு இது புதிய பாடம்.

மலைகளின் பெயர் விஷயத்தில் இந்தியாவுக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. உலகின் உயர்ந்த சிகரத்துக்குத் தன் பெயரை வைப்பதை ஜார்ஜ் எவரெஸ்ட் ஆட்சேபித்தார். அந்தப் பெயரை இந்தியர்களால் உச்சரிக்க முடியாது, பாரசீகத்திலும் இந்தியிலும் எழுத முடியாது என்றார். 1865-ல் ராயல் புவியியல் கழகம் அதையே நிலைநிறுத்தியது. அந்தச் சிகரத்தை 1953-ல் டென்சிங்கோடு சேர்ந்து முதலில் தொட்ட எட்மண்ட் ஹிலரி, மலையேறக் கற்றது தென் தீவில்தான். 1985 முதல் 1989 வரை டெல்லியில் நியூஸிலாந்துத் தூதராகவும் இருந்தார். 1944-ல் அவர் ஏறிய முதல் பெரிய மலை தாபுவாயே ஓ உவேனுகு. மாவோரிப் பெயரோடே பிழைத்துவிட்ட மலை அது. 1948-ல் அவரும் தோழர்களும் முதன்முதலாக ஏறிய அவோராக்கியின் தெற்கு முகடு, அவர் மறைந்த பிறகு 2011-ல் 'ஹிலரி முகடு' என்று பெயர் பெற்றது. அந்த மலையில் உண்மையாகவே கால் வைத்த ஒருவரின் பெயர் என்பது ஆறுதல்.

2017-ல் ஙாய் தாஹு குலத்தார் தங்கள் சொந்த அட்லஸைக் கணினியில் வெளியிட்டார்கள். ஆயிரத்துக்கும் அதிகமான பழைய இடப்பெயர்கள், ஒவ்வொன்றும் எங்கிருந்து கிடைத்தது என்ற விவரத்தோடு. தையாரோவா 1880-ல் எழுதிய பட்டியலும், முதியவர்கள் பீட்டியிடம் சொன்னவையும் அதில் பயன்பட்டிருக்கின்றன. பெயர் எந்த இடத்தைக் குறிக்கிறது என்று முடிவு செய்ய அவர்கள் உதவிக்கு எடுத்துக்கொண்டவற்றில், சர்வேயர்கள் வரைந்து வைத்த பழைய வரைபடங்களும் உண்டு.

அட்லஸில் ஒரு புள்ளியைத் தொட்டால் பெயர் வரும், என்ன உணவு கிடைத்தது என்பதும் வரும். பல இடங்களில் சதுப்பு வடிக்கப்பட்டுவிட்டது, மாடு மேய்கிறது, விலாங்கு இல்லை. பெயர் இருக்கிறது. அடுத்த முறை யாராவது வரைபடத்தோடு வந்தால், காட்டுவதற்கு அவர்களிடமும் ஒரு வரைபடம் இருக்கிறது.